வெளிச்சம் நடுவில் விழ வேண்டும்: மைக்ரோஸ்கோப் விளக்கைச் சரிசெய்யும் முறை

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு மதியம் முழுக்க 40எக்ஸ் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படத்தின் வலது ஓரம் மட்டும் மங்கல். செல்களின் ஒரு பக்கம் நிழல் தட்டியதுபோல் இருந்தது. லென்ஸ் துடைக்கும் தாள் தீர்ந்தது, மங்கல் தீரவில்லை. கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்தார். லென்ஸைத் தொடவே இல்லை. குனிந்து, மேடைக்கு அடியில் இருந்த இரண்டு திருகுகளை மெல்லத் திருப்பினார். படம் தெளிந்துவிட்டது. விளக்கின் வெளிச்சத்தை ஸ்லைடில் குவிக்கும் கண்டென்சர் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படம் சரியில்லை என்றால் புதிதாக வருகிறவர்களின் கை முதலில் லென்ஸுக்குத்தான் போகும். முதலில் பார்க்க வேண்டியது ஸ்லைடுக்குக் கீழே இருப்பதை. அதைச் சரிசெய்ய, பழகிவிட்டால், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினால் அரை மணி நேரம் திருகிக்கொண்டே இருக்கலாம்.

வெளிச்சம் வரும் வழி

அடித்தட்டிலிருந்து மேலே போவோம். பல்பு. அதன் முன்னால், வெளிச்சத்தைத் திரட்டும் கலெக்டர் லென்ஸ். அடுத்து, அடித்தட்டில் வெளிச்சம் வெளியே வரும் வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பினால் உள்ளே இதழ்கள் சுருங்கி விரியும். அதுதான் ஃபீல்டு டயஃப்ரம். அதற்கு மேல், மேடைக்கு அடியில் தொங்குவது கண்டென்சர். அதன் வயிற்றில் இன்னொரு இதழ்த் திரை, பக்கத்தில் ஒரு சிறு நெம்பு. அது அப்பர்ச்சர் டயஃப்ரம். பிறகு ஸ்லைடு, அதற்கு நேர் மேலே உள்ள லென்ஸான ஆப்ஜெக்டிவ், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ், நம் கண்.

இந்த இரண்டு டயஃப்ரங்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபீல்டு டயஃப்ரம், ஸ்லைடில் எவ்வளவு இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அப்பர்ச்சர் டயஃப்ரம், அந்த வெளிச்சம் எவ்வளவு அகலமான கூம்பாக வந்து விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டுமே இல்லை. அதற்குத் தனியாக ஒரு குமிழ் இருக்கிறது.

இந்த அமைப்புக்குக் கோலர் ஒளியமைப்பு என்று பெயர். ஜெர்மனியில் கீஸன் நகரில் இருந்த ஆகஸ்ட் கோலர் 1893இல் இதை வெளியிட்டார். மைக்ரோஸ்கோப் வழியே புகைப்படம் எடுக்கும்போது வெளிச்சம் திட்டுத் திட்டாக விழுந்தது. அதற்குத் தேடிய வழி இது. விளக்கின் உருவத்தை ஸ்லைடின் மேலேயே குவித்தால், பல்பின் இழைச்சுருளும் செல்லோடு சேர்ந்து படத்தில் தெரியும். கோலர் அந்த உருவத்தை ஸ்லைடில் விழவிடாமல், அப்பர்ச்சர் டயஃப்ரம் இருக்கும் இடத்தில் விழச் செய்தார். ஸ்லைடுக்கு வரும்போது அது முழுக்கக் கலைந்து, சீரான வெளிச்சமாகிவிடும். ஸ்லைடோடு சேர்ந்து தெளிவாகத் தெரிவது ஃபீல்டு டயஃப்ரத்தின் விளிம்பு மட்டுமே. நாம் செய்யப்போகும் சரிசெய்தல் முழுக்க இந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான்.

தொடங்கும் முன்

வெளிச்சக் குமிழைக் குறைவில் வைத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். நன்றாகச் சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமில்லாத மாதிரியை வைத்துக்கொண்டு முதல்முறை பழகுவது வீண் சிரமம். 10எக்ஸ் ஆப்ஜெக்டிவைத் திருப்பி வையுங்கள்; ‘டக்’ என்று உட்கார வேண்டும். கண்டென்சரில் ஃபேஸ் வளையங்கள் (சாயமேற்றாத மாதிரிகளைப் பார்க்க உதவுபவை) உள்ள சுழல் தட்டு இருந்தால், அதையும் சாதாரண வெளிச்சத்துக்கான இடத்தில் ‘டக்’ என்று நிறுத்துங்கள். ஃபில்டர் சட்டம் ஏதாவது பாதி நுழைந்து நிற்கிறதா என்றும் ஒரு பார்வை. புதியவர்கள் ‘விளக்கு கோணலாகிவிட்டது’ என்று கூப்பிடும் அழைப்புகளில் பெரும்பாலானவை, அரைகுறையாக நிற்கும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். படத்தில் பிறை வடிவில் இருட்டு என்றால் முதல் சந்தேகம் இவற்றின் மேல் விழட்டும்.

இரண்டு டயஃப்ரங்களையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். கண்டென்சரை மேலே ஏற்றுங்கள், ஆனால் ஸ்லைடில் இடிக்காமல். ஐபீஸ்களின் இடைவெளியைக் கண்ணுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பைப் பிடிப்பது

முதலில் ஸ்லைடை ஃபோகஸ் செய்யுங்கள். செல்லின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். இதன் பிறகு ஃபோகஸ் குமிழைத் தொடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்த படியில் ஏதோ மங்கலாகத் தெரிந்ததும் கை தன்னால் ஃபோகஸ் குமிழுக்குப் போய்விடும். போனால் மறுபடி இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இப்போது ஃபீல்டு டயஃப்ரத்தை நன்றாகச் சுருக்குங்கள். சுற்றிலும் இருண்டு, எங்கோ ஓரிடத்தில் மங்கலான வெளிச்சப் பொட்டு தெரியும். எதுவுமே தெரியவில்லையா? கண்டென்சர் வெகுவாக விலகியிருக்கிறது என்று அர்த்தம். டயஃப்ரத்தைக் கொஞ்சம் திறந்தால் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கும்.

அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே, கண்டென்சரின் உயரக் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓரம் சிறிது சிறிதாகக் கூர்மையாகி, பொட்டு ஒரு பலகோணமாக மாறும். டயஃப்ரம் இதழ்களின் நேர் விளிம்புகள் அவை. சரியான உயரத்துக்கு அருகில் வந்ததும் விளிம்பில் ஒரு நிறக் கோடு தோன்றுவதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் போனால் சிவப்பு சாய்வு, மறுபக்கம் போனால் நீலச் சாய்வு. இரண்டுக்கும் நடுவில், சிவப்பு நீலமாக மாறுகிற அந்த இடத்தில் நிறுத்துங்கள். விலை குறைந்த கண்டென்சர்களில் நிறம் முழுதாகப் போகாது, அதற்காக அலைய வேண்டாம்.

கண்டென்சர் பெரும்பாலும் மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். கீழே வெகுதூரம் இறக்கினால்தான் கூர்மை கிடைக்கிறது என்றால் ஏதோ தவறு. பார்ப்பது டயஃப்ரத்தின் விளிம்பா, இடையில் இருக்கும் தூசியா என்று பாருங்கள். முழுக்க ஏற்றியும் கூர்மை வரவில்லை என்றால் ஸ்லைடு மிகத் தடிமனாக இருக்கலாம். சாதாரண ஸ்லைடு 1 மில்லிமீட்டர் அளவு தடிமன். அதைவிடத் தடித்த கண்ணாடியைத் தாண்டிக் குவிக்க எல்லாக் கண்டென்சராலும் முடியாது.

கூர்மை வந்துவிட்டது. இப்போது நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கண்டென்சரைத் தாங்கும் வளையத்தில் இரண்டு திருகுகள் சாய்வாக இருக்கும். சிலவற்றில் கையால் திருகலாம், சிலவற்றுக்கு அல்லன் கீ வேண்டும். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். எந்தத் திருகு எந்தப் பக்கம் தள்ளும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், கால் சுற்று திருப்பினால் தெரிந்துவிடும். பலகோணம் ஏறக்குறைய நடுவுக்கு வந்ததும், டயஃப்ரத்தைத் திறந்து அதன் முனைகள் பார்வை வட்டத்தைத் தொடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் சிறியதாக இருக்கும்போது கண்ணுக்குத் தப்பும் கோணல், ஓரத்தோடு ஒட்டும்போது பளிச்சென்று தெரியும். ஒரு பக்கம் கறுப்பு எட்டிப் பார்த்தால் இன்னும் ஒரு சிறு திருப்பு. சரியானதும், விளிம்பு பார்வைக்கு வெளியே போகிற அளவுக்கு மட்டும் திறங்கள். அதற்கு மேல் திறந்தால் தேவையற்ற வெளிச்சம் உள்ளே சிதறி, படம் வெளுத்துப்போகும்.

அடுத்தது அப்பர்ச்சர்

ஒரு ஐபீஸைக் கழற்றுங்கள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, குழாய்க்குள் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அடியில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அது ஆப்ஜெக்டிவின் பின்புறம். அப்பர்ச்சர் நெம்பை நகர்த்தினால் அந்த வட்டத்துக்குள் இதழ்கள் சுருங்குவதைப் பார்க்கலாம். வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு வெளிச்சமாக இருக்கும்படி நிறுத்துங்கள். சாயம் வெளிறிய ஸ்லைடு என்றால் மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம். ஐபீஸைத் திரும்ப மாட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஐபீஸைக் கழற்றச் சோம்பலாக இருந்தால் வேறு வழி உண்டு. ஆப்ஜெக்டிவின் மேல் மடங்கு எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் பொறித்திருக்கும்: 10எக்ஸில் 0.25, 40எக்ஸில் 0.65 என்பதுபோல. அதுதான் என்.ஏ. (நியூமெரிக்கல் அப்பர்ச்சர்), லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக் கூம்பை வாங்கும் என்பதன் அளவு. கண்டென்சரின் நெம்புக்குப் பக்கத்திலும் அதே அளவுகோல் இருந்தால், ஆப்ஜெக்டிவ் எண்ணில் முக்கால் பங்குக்கு நெம்பை நகர்த்தினால் போதும். 0.65 என்றால் ஏறக்குறைய 0.5.

இந்த நெம்பை வெளிச்சம் குறைக்கும் குமிழாகப் பயன்படுத்துவது நான் பார்த்த எல்லா ஆய்வகங்களிலும் உள்ள பழக்கம். கண் கூசுகிறது, உடனே நெம்பை இழுப்பார்கள். படம் ‘பளிச்’ என்று ஆனதுபோலவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு போட்டதுபோலத் தெரியும். அந்தக் கறுப்புக் கோடு செல்லில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். 40எக்ஸ் ஆப்ஜெக்டிவும் கண்டென்சரும் இரண்டுமே 0.65இல் இருந்தால், தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறு இடைவெளி சுமார் 0.5 மைக்ரான். நெம்பை இழுத்துக் கண்டென்சரை 0.1க்குக் கொண்டுவந்தால் அது சுமார் 0.9 மைக்ரான் ஆகிவிடும். நல்ல லென்ஸை வாங்கி வைத்துவிட்டு அதன் திறனில் ஏறக்குறைய பாதியை நெம்பால் அடைத்துவிடுகிறோம். கண் கூசினால் குமிழைக் குறையுங்கள். ஹாலோஜன் விளக்கைக் குறைத்தால் வெளிச்சம் மஞ்சளாகும் என்பது உண்மைதான். நிறம் முக்கியமான வேலை என்றால் குமிழை அப்படியே விட்டுவிட்டுச் சாம்பல் நிற ஃபில்டரைப் போடுங்கள்.

ஆப்ஜெக்டிவ் மாறும்போது

40எக்ஸுக்குப் போனால் பார்வைப் பரப்பு சுருங்கும், என்.ஏ. கூடும். ஆகவே ஃபீல்டு டயஃப்ரத்தைச் சுருக்க வேண்டும், அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும். 10எக்ஸுக்குத் திரும்பினால் தலைகீழ். கண்டென்சர் உயரத்தில் அநேகமாக மாற்றம் இருக்காது. 40எக்ஸில் விளிம்பு கொஞ்சம் விலகித் தெரிந்தால் திருகுகளில் ஒரு சிறு தொடுதல் போதும்.

4எக்ஸில் வேறு சிக்கல். பரப்பு பெரிது, கண்டென்சரின் வெளிச்சம் ஓரம்வரை எட்டாமல் நடுவில் மட்டும் வட்டமாக நிற்கும். மேல் லென்ஸை விலக்கும் வசதி இருந்தால் விலக்கிவிட்டு, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள். 100எக்ஸ் எண்ணெய் லென்ஸில், கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் காற்று இருக்கும்வரை கண்டென்சரின் என்.ஏ. 1ஐத் தாண்டாது. முழுத் திறனும் வேண்டும் என்றால் கண்டென்சர் மேலும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அன்றாட வேலைக்கு அதை யாரும் செய்வதில்லை, நானும்தான்.

பல்பை நடுவில் நிறுத்துவது

இதுவரை செய்ததெல்லாம் கண்டென்சரின் வேலை. பல்பு தன் இடத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்தோம். எல்.இ.டி. விளக்கு என்றால் அந்த நம்பிக்கை சரிதான். பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பொருத்தி நிறுத்திவிடுகிறார்கள். 6 வோல்ட் 20 வாட் போன்ற சிறு ஹாலோஜன்களும் சாக்கெட்டில் முழுதாக அழுத்தினால் தாமாகவே நடுவில் உட்காரும். 12 வோல்ட் 100 வாட் விளக்கு, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் தனி விளக்குப் பெட்டியோடு வந்தால்தான் திருகுகளைக் கவனிக்க வேண்டும். அதுவும் பல்பு மாற்றும்போது மட்டும்.

மாற்றுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, நன்றாக ஆறவிடுங்கள். ஹாலோஜன் பல்பு எரியும்போது அதன் குவார்ட்ஸ் சுவர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புதிய பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸை வெளுக்க வைத்து, பலவீனமாக்கிவிடும். பல்பு வந்த பிளாஸ்டிக் உறையோடு பிடித்துச் சொருகிவிட்டு, பிறகு உறையை உருவுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்துவிட்டு எரியவிடுங்கள்.

சரி, பல்பு உள்ளே போய்விட்டது. வெளிச்சத்தைப் பரப்பும் சொரசொரப்புக் கண்ணாடி பாதையில் இருந்தால் அதை விலக்குங்கள். அது இருக்கும்வரை இழை தெரியாது. ஸ்லைடில் மாதிரி இல்லாத வெற்றிடத்துக்குப் போங்கள், அப்பர்ச்சரைத் திறங்கள், வெளிச்சத்தை மிகக் குறைவில் வையுங்கள். ஐபீஸைக் கழற்றிவிட்டு, ஃபேஸ் வளையம் சரிபார்க்கும் சிறு தொலைநோக்கி இருந்தால் அதைச் சொருகிப் பாருங்கள். இழைச்சுருள்கள் வரிசையாகத் தெரியும். தொலைநோக்கி இல்லை என்றால், அப்பர்ச்சரை முழுக்கச் சுருக்கி, கண்டென்சருக்குக் கீழே முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். மூடிய இதழ்களின் மேல் இழையின் உருவம் விழுந்திருப்பது தெரியும்.

கலெக்டர் குமிழைத் திருப்பி இழையைக் கூர்மையாக்குங்கள். பெட்டியில் மேல் கீழ், இட வலமாக நகர்த்தும் திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பெட்டிக்குள் பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி இருந்தால், இன்னொரு மங்கலான இழையும் தலைகீழாகத் தெரியும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிடாதீர்கள். ஒரு இழையின் சுருள்கள் மற்றதன் இடைவெளிகளில் உட்காரும்படி, இரண்டு சீப்புகளைக் கோத்ததுபோல் நிறுத்துங்கள். வட்டம் நிறைந்துவிடும். கடைசியாகச் சொரசொரப்புக் கண்ணாடியைத் திரும்பத் தள்ளுங்கள். இதை மறந்தவர்கள்தான் ‘படத்தில் கோடுகள் வருகிறது’ என்று மறுநாள் கேட்பார்கள்.

பல்பு அடிக்கடி போகிறது என்றால் குமிழை எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வோல்டேஜை 5 விழுக்காடு குறைத்தாலே ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

ஒளிர்வு நுண்ணோக்கியில் (ஃப்ளோரசென்ஸ் மைக்ரோஸ்கோப்) உள்ள பாதரச விளக்குக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆகாது. எரியும்போது உள்ளே அழுத்தம் மிக அதிகம், வெடிக்கக்கூடியது. புற ஊதாக் கதிரும் வரும். குழாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. ஒரு ஆப்ஜெக்டிவைக் கழற்றிவிட்டு, மேடையில் வெள்ளை அட்டையை வைத்து, பச்சை அல்லது நீல ஃபில்டர் வழியே அதில் விழும் சுடரின் உருவத்தைப் பார்த்துத்தான் நடுவில் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் உருவம் மின்முனைகளின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்ததும் ஆறும்வரை திரும்பப் போடக் கூடாது. முதல்முறை என்றால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஃபீல்டு டயஃப்ரம் இல்லாவிட்டால்

பயிற்சி வகுப்பு மைக்ரோஸ்கோப்புகள் பலவற்றில் ஃபீல்டு டயஃப்ரமே இருக்காது. அதற்கும் வழி உண்டு. கூராகச் சீவிய பென்சிலை எடுத்து, அடித்தட்டின் வட்டக் கண்ணாடி மேல் முனை நடுவில் இருக்கும்படி கிடத்துங்கள். 10எக்ஸில் ஸ்லைடை ஃபோகஸ் செய்துவிட்டு, கண்டென்சரை ஏற்றி இறக்குங்கள். செல்களுக்கு நடுவே ஒரு தடித்த நிழல் கூர்ந்து, பென்சில் முனையாகும். அதுவே சரியான உயரம். முனை பார்வையின் நடுவில் இல்லாமல், கண்டென்சரில் திருகுகளும் இருந்தால், அவற்றால் நடுவுக்குக் கொண்டுவரலாம். பென்சிலை எடுத்ததும், வட்டக் கண்ணாடியில் உள்ள தூசியும் படத்தில் தெரிந்தால் கண்டென்சரை ஒரு இழை இறக்கிவிடுங்கள். டயஃப்ரம் இல்லாத கருவியில் இந்தச் சமரசம் பரவாயில்லை.

தூசி என்றதும் ஒன்று. எல்லாம் சரிசெய்த பிறகுதான் இதுவரை தெரியாத புள்ளிகள் சிலருக்குத் தெரியத் தொடங்கும். துடைக்கும் தாளை எடுக்கும் முன் புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஐபீஸைச் சுழற்றும்போது கூடவே சுழன்றால் ஐபீஸில். ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். கண்டென்சரை ஏற்றி இறக்கும்போது கூர்ந்து மங்கினால் அடித்தட்டின் கண்ணாடியிலோ கண்டென்சரிலோ. எதற்கும் அசையாமல், படம் மட்டும் பொதுவாக மங்கலாக இருந்தால் ஆப்ஜெக்டிவின் முன் லென்ஸைப் பாருங்கள். 100எக்ஸுக்காக எண்ணெய் விட்ட ஸ்லைடுக்கு மேல் 40எக்ஸைத் திருப்பி, அதில் எண்ணெயை ஒட்டவிட்டவர் யாரோ இருப்பார்.